வெனிஸில் அடைப்பு தேடிய வாய்க்கால் அங்கிள்

வெனிஸ் நகரத்தைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் வாய்க்கால் அங்கிள்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு யாரும் இருக்க முடியாது.

எழுபதுகளில் மெல்பர்னில் நானும் அவரும் ஒரே வடிகால் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் மதுரைக்காரன். அவர் இலங்கையில் நீர்ப்பாசன இன்ஜினியராக இருந்தவர். அவர் குடியிருந்த நோபல் பார்க்கில் மழை பெய்தால் போதும், வாய்க்கால் அடைப்பெடுக்க மண்வெட்டியோடு தெருவில் இறங்கிவிடுவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அவரை நகராட்சி கவுன்சில் ஆள் என்றே நம்பி, குப்பைத் தொட்டி உடைந்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். அங்கிள் அதையும் ஒட்டிக் கொடுத்தார்!

அவர் மனைவிக்கு, அதாவது எங்கள் அன்ரிக்கு, ஒரே ஓர் ஆசை. வெனிஸில் கொண்டோலா என்கிற அந்தக் கறுப்புப் படகில் புருஷனோடு ஒரு சுற்று வர வேண்டும். கல்யாணமான மறுநாள் குளத்து மதகைக் காட்டக் கூட்டிப்போன மனிதரோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர், பாவம், இதுகூடக் கேட்கக்கூடாதா? லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஒரு நாள் வெனிஸில் இறங்கினோம். நானும் ஒட்டிக்கொண்டேன். மாலை ஐந்துக்கு அடுத்த ரயில்.

ஸ்டேஷன் வாசலிலேயே பெரிய கால்வாய். அங்கிள் முகம் சிவந்தது.

“என்ன தம்பி, ஊர் முழுக்க வெள்ளம் நிக்குது! ஒருத்தனும் கவனிக்கேல்லையோ?”

“அங்கிள், இது கடல் தண்ணி. எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்.”

“எப்பவும் நிக்குதெண்டால் எங்கையோ அடைச்சிருக்கு. மதகு எங்க எண்டு கேளும்!”

யாரிடம் கேட்பது? ஊரே தேவாலய மணிக்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அதற்கு முதுகைக் காட்டி, கழுத்து டையில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு வண்டல் பற்றி அரைமணி நேரம் பாடம். அவர் சல்யூட் வைத்துவிட்டுத் தப்பினார்.

“இஞ்சேருங்கோ, படகு போகுது,” என்றார் அன்ரி.

“பொறும், ஓட்டம் பாக்கவேணும்,” என்று என் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டார். அது ஒரு பாலத்துக்குக் கீழே போனது, போனதுதான். “பாத்தீரே, ஓட்டம் இருக்கு!”

இரண்டு மணிக்கு ஆளையே காணோம். நாலும் ஆயிற்று. அன்ரி படிக்கட்டில் உட்கார்ந்து, “விடும் தம்பி. பதினெட்டு வருசமா இப்பிடித்தான்,” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த மனிதர் எதிரே வந்திருந்தால் தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

வந்தார். கால்வாயில் தூர்வாரும் படகொன்றில், சேற்றுக் குவியலின் மேல், முழங்கால்வரை கறுப்பாக. நடுவில் ஒரு நாற்காலி; அதில் பேப்பர் விரித்திருந்தது.

“ஏறும்! கறுப்புப் படகு நாலு இடந்தான் காட்டும். இது மூலை முடுக்கெல்லாம் போகும். ரெண்டு மணித்தியாலம் மண் அள்ளிக் குடுத்தனான், அதாலதான் ஏத்துறாங்கள்.”

“ஐயோ, நாறுதப்பா!” என்று பட்டுச்சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அன்ரி ஏறினார். சந்து சந்தாகப் போனோம். கறுப்புப் படகுகளில் வந்தவர்கள் ஊரை விட்டுவிட்டு அன்ரியைப் படமெடுத்தார்கள். அன்ரி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஐந்து மணி ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது.

சேறு நாறும் அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அன்ரி அவர் கையை விட்டால்தானே!