துட்டி வீட்டில் கேட்ட பாட்டு

மேலகரம்,
சுபானு வருஷம் ஐப்பசி மாதம் 3-ந் தேதி.

அம்பாசமுத்திரத்தில் சகல சம்பத்துகளுடன் வாழும் அத்தான் சுந்தரபாண்டி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கையின் புருஷனாக இருந்தவனும், இரண்டு மாதமாக யாருக்கும் ஒன்றும் இல்லாதவனுமாகிய நம்பிராஜன் பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் குழந்தைகளும் கறவை மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். இவ்விடம் நானும் சுகம் என்று எழுத வேண்டியது முறை. ஆனால் நான் சுகமாக இருக்கிறேன் என்பதுதான் என்மேல் தாங்கள் சொல்லும் புகாரே. ஆகையால் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுகிறேன், மன்னிக்கவும்.

தங்கள் கார்டு கிடைத்தது. கவரில் எழுதியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தினவன் சொல்கிறேன், கார்டு என்பது ஊருக்கு எழுதுகிற கடிதம். எனக்குக் கீழே வேலை பார்த்த தபால்காரன் தங்கசாமி அதைப் படித்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் என் வாசலுக்கு வந்தான். "ஒங்க மச்சினர் ரொம்பக் கோவமா எழுதியிருக்காவ ஸார், உக்காந்து வாசிங்க" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னான். அதில் கண்டது: குழல்வாய்மொழி செத்து அறுபது நாள் ஆகவில்லை, அதற்குள் அவள் புருஷன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு காப்பி குடிக்கிறான், பாட்டுக் கேட்கிறான், சிரிக்கிறான், வருஷம் திரும்புகிற வரைக்கும் சாவு விழுந்த துட்டி வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்பதுகூடத் தெரியாதவனுக்கு வீடு எதற்கு, உடனே புறப்பட்டு வந்து எங்கள் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்ளட்டும், வீட்டை அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம். இதற்கெல்லாம் சாட்சி, போன வாரம் என்னிடம் துட்டி கேட்க வந்துபோன தங்கள் சித்தி சொக்கம்மாள். வீடு தங்கள் தகப்பனார் தம் மகளுக்குக் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னதை மட்டும் அடியோடு மறுக்கிறேன்.

முதலில் காப்பி. அதைப் போடுகிறவன் ரிடையரான போலீஸ் ஏட்டு முத்துராமலிங்கம். குழல்வாய்மொழி போன பிறகு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் சாயங்காலம் நேராக உள்ளே வந்து அடுப்படியைக் கைப்பற்றினான்; அன்று முதல் அவன் அதைத் திருப்பித் தரவில்லை. அவன் கொட்டையை வறுப்பதைப் பார்த்தால் வறுக்கிறானா, விசாரணை செய்கிறானா என்றே தெரியாது. அது கறுத்துப் புகைந்து, வைத்திருந்த உண்மையையெல்லாம் கக்கின பிறகும் விடமாட்டான். சீனி ரேஷனில் போய்விட்டது, ஆகவே கருப்பட்டி. கருப்பட்டியில் பாதி மணல். யுத்தத்தின் பேரைச் சொல்லி அதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறான். வடிகட்டுவது ஒரு சிவப்புத் துணியில்; அது முன்பு தலைப்பாகையாக இருந்தது என்று எனக்குப் பலத்த சந்தேகம். "ஏலே, இது காப்பியா கஷாயமா?" என்று ஒரு நாள் கேட்டேன். "குடிச்சுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. கஷாயமா இருந்தா ஒடம்புக்கு நல்லது, காப்பியா இருந்தா மனசுக்கு நல்லது" என்றான். இரண்டுக்கும் நல்லதாக இல்லை. நாலு மணிக்கு அவன் வரத் தாமதமானால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சித்தி சொல்லியிருந்தால், அது வெறும் பழக்கதோஷம்.

அடுத்தது பாட்டு. பக்கத்து வீட்டு ஞானதுரை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிடையரானவன். கிறிஸ்தவ வேதக்காரன், தனிக்கட்டை. அவனிடம் அவன் தகப்பனார் காலத்துக் கிராமபோன் பெட்டி ஒன்றும், மூன்று பாட்டுப் பிளேட்டுகளும் உண்டு, அதில் ஒன்று விரிசல். யுத்தம் வந்த பிறகு ஊசி கிடைப்பதில்லை. ஆகவே என் கொல்லையில் நிற்கும் நாரத்தை மரத்து முள்ளை ஒடித்து, பேனாக்கத்தியால் சீவி, ஊசிக்குப் பதிலாக மாட்டுகிறான். முள் பாதிப் பாட்டு வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகு மழுங்கிவிடும்; பாடுகிற அம்மாளுக்குத் திடீரென்று மீசை முளைத்துவிடும். இதற்குச் சங்கீதம் என்று பேர் சொன்னால் சங்கீதம் என்மேல் வழக்குப் போடும். துட்டி வீட்டில் பாட்டுக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் பெட்டியைத் தன் கொல்லையில் மதிலோரமாக வைத்து, பாட்டு வரும் குழாயை மட்டும் என் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். "துட்டி சுவத்துக்கு இங்கன. பாட்டு சுவத்துக்கு அங்கன. அங்கன பாடுறது இங்கன கேட்டா, அது ஒங்க காது செஞ்ச குத்தம் அண்ணாச்சி" என்றான். ஏட்டும் யோசித்துப் பார்த்து, "ஆமா, அது வேற ஸ்டேஷன் எல்லை. இங்கன கேஸ் நிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

இப்படி யாருக்கும் பாதகமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனையக் கூடாதே என்று ஞானதுரை அதற்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வைத்துப் பாடவிட்டால் எனக்குக் கேட்காதாம். அடித்த காற்றில் குழாய் கழன்று மதிலைத் தாண்டி என் கொல்லையில் வந்து விழுந்தது. பெட்டி அந்தப் பக்கம் ஈனசுரத்தில் முனகிக்கொண்டிருக்க, ஏட்டு ஸ்டூல் போட்டு ஏறி, குழாயை மதில்மேல் தூக்கி, பெட்டியின் வாயோடு அதன் வாயை வைத்துப் பிடித்துக்கொண்டான். குழாய் இப்போது எந்த எல்லை என்று நான் கேட்டேன். அவன் பதில் சொல்லுமுன்னே வாசலில் தங்கள் சித்தி வந்துவிட்டாள். வாசல்படியிலேயே அழுகையை ஆரம்பிப்பதுதானே முறை, "என்னப் பெத்த மவளே" என்று ராகம் எடுத்து ஆரம்பித்தாள். கொல்லையில் பிளேட்டு அம்மாளும் நிறுத்தவில்லை, வாசலில் சித்தியும் நிறுத்தவில்லை. இருவருக்கும் சுருதி சேர்ந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஞானதுரைக்கு வாசலில் நடப்பது என்ன தெரியும்? "அண்ணாச்சி, முள்ளு போயிட்டுது போல! ரெண்டு கொரல் கேக்குது!" என்று கத்தினான்.

சிரித்தது நான்தான், ஒளிக்கவில்லை. குழல்வாய்மொழி இருந்திருந்தால் என்னைவிடப் பலமாகச் சிரித்திருப்பாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இதைச் சித்தி தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஏட்டு கொடுத்த காப்பியை இரண்டு தம்ளர் குடித்ததையும் சொல்லியிருக்க மாட்டாள்.

'யார் இந்தக் கூட்டாளிகள்' என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கள் தங்கை ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று மணிக்கு ஒரு தரம் மருந்து ஊற்றினவன் ஞானதுரை. காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்காத நாளில் கொட்டுகிற மழையில் பண்பொழி வரைக்கும் நடந்து, எஸ்டேட் டாக்டர் காலைப் பிடித்து, ஆறு மாத்திரையை வெற்றிலைச் செல்லத்தில் நனையாமல் கொண்டுவந்தவன் முத்துராமலிங்கம். அந்த ஒன்பது நாளில் நான் தங்களுக்கு இரண்டு தந்தி கொடுத்தேன். தாமதமாகக் கிடைத்தது என்று சொன்னீர்கள். அம்பாசமுத்திரத்தில் தந்தி மேஜையில் உட்கார்ந்திருப்பவன் என்னிடம் தொழில் கற்றவன், அத்தான். எந்த மணிக்குத் தங்கள் கையில் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும். தாங்கள் வந்தது அவளை எரித்த மறுநாள், காடாற்றுக்கு. வந்து கால் கழுவினதும் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஓடு மாத்தணுமே" என்றீர்கள்.

போகட்டும். வழக்காட எனக்குத் தெம்பு இல்லை. வீடு தங்கள் குடும்பத்துச் சொத்து, நான் அதில் மிச்சம் கிடக்கிற ஒரு சாமான். வருகிற வெள்ளிக்கிழமை தென்காசியில் ரயில் ஏறி வந்து சேருகிறேன், சாவியையும் கையோடு கொண்டுவருகிறேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினால் உபகாரம். பின்கட்டில் தொழுவத்துக்குப் பக்கத்து அறை எனக்குத் தாராளம். மாடுகள் பாட்டுப் போடாது, காப்பி கலக்காது. கார்டு எழுதும்படி அங்கே ஒன்றும் நடக்காது.

தீபாவளி இந்த வருஷம் எனக்குக் கிடையாது. தாங்கள் குறைவில்லாமல் கொண்டாடவும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். சித்திக்கு என் நமஸ்காரம், அவள் காது நீடூழி வாழ்க. எல்லோரையும் குற்றாலநாதர் பார்த்துக்கொள்வார். இந்த வருஷம் அவர் என்னைப் பார்த்துக்கொண்ட அழகை வைத்து, தாங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கு. நம்பிராஜன்,
போஸ்ட்மாஸ்டர் (ரிடையர்ட்).

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. வெள்ளத்தில் தபால் பை போகவில்லை, அதனால் ஒட்டாமல் வைத்திருந்தேன். குடை பிடித்து நனைந்ததில் ஞானதுரைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அவன் வீடு முழுக்க ஒழுகுகிறது. நானும் ஏட்டும் அவனைக் கட்டிலோடு தூக்கி இங்கே கொண்டுவந்தோம். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் போட எனக்குக் கால் வரவில்லை. "அங்கனயே போடுங்க அண்ணாச்சி. அங்கன ஒண்ணுதான் ஒழுகல" என்றான் முத்துராமலிங்கம். மூன்று மணிக்கு ஒரு தரம் இப்போது நான் மருந்து ஊற்றுகிறேன். அளவு தப்பு என்று கம்பவுண்டர் படுத்துக்கொண்டே என்னைத் திட்டுகிறான். பெட்டியும் நனைந்துவிடுமே என்று அதையும் தூக்கி வந்தேன். "வைக்கட்டுமால?" என்று கேட்டேன். "துட்டி வீடுல்லா அண்ணாச்சி" என்றான், கண்ணைத் திறக்காமல். நானே சாவி கொடுத்து, நானே முள்ளை வைத்தேன்.

அவளைத் தூக்கின அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று காடாற்று அன்று தாங்கள் ஊர் முன்னால் சொன்னீர்கள். நிஜம்தான். நேற்றுச் சாயங்காலம் அழுதேன், தெருவுக்குக் கேட்க அழுதேன். பாட்டு முடிந்தது. முத்துராமலிங்கம் காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பிளேட்டைத் திருப்பிப் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். சித்தி சொன்னது அத்தனையும் உண்மை. வீடு காலியில்லை.