இம்முறை முகம்

படத்தில் முகமூடியை எப்போது கழற்றுகிறார்கள் என்று மட்டும்தான் அவன் கேட்டான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் இடைவேளையிலயே எழுந்து வந்துட்டேன்," என்றாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் கவுன்ட்டரில் நிற்கிற பெண். "அந்த நாய் செத்துப்போச்சா, அதுக்கப்புறம் உட்கார மனசு வரலை."

"நாய் சாகுதா?"

"ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதோ?"

அவன் தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்தினான். பின்னறையில் இருபது வருடமாக லென்ஸ் தேய்ப்பதால் கடையில் அவனுக்குப் பெயரே லென்ஸ்தான். இப்போது படமாக வந்திருக்கிற சாம்பல் பருந்தின் இருநூற்றுப் பதினான்கு காமிக்ஸ் இதழ்களையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறான். அத்தனையிலும் பருந்தின் நாய் ஒருமுறைகூட நொண்டியது கிடையாது.

மேனேஜர் முழுப் படத்தையும் பார்த்தவர். "வில்லன் அந்த டாக்டர்தான்யா. பாலத்துல இருந்து விழுவான் பாரு, அப்படியே தூக்கிவாரிப் போடும்!"

"சார், நான் கேட்டது முகமூடி..."

மேனேஜர் கண்ணடித்தார். "அதைச் சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்."

கடைக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. பருந்தின் கை முகமூடியின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'இம்முறை முகம்!' காலையும் மாலையும் அதைப் பார்க்காமல் நடக்கப் போய், இரண்டு முறை சைக்கிள்காரர்களிடம் திட்டு வாங்கியாகிவிட்டது.

காமிக்ஸில் பருந்து முகத்தைக் காட்டியதே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் லென்ஸுக்கு அதையெல்லாம் படித்துக் காட்டியது அவன் அண்ணன்தான். "உள்ள இருக்கிறது யாருண்ணா?" என்று கேட்டதற்கு, அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நான்தான்டா. வெளிய சொல்லிடாத."

அண்ணன் பதினாறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இருக்கிற ஒரே குடும்பப் புகைப்படத்திலும் எதையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காதும் கன்னமும்தான் தெரியும். முழு முகம் அந்த முகமூடிக்குள் மட்டும்தான் இருந்தது. அங்கே இப்போது எவனோ ஒரு நடிகன் வந்து பல்லைக் காட்டப் போகிறான்.

போகாமல் இருக்கலாம். ஆனால் பருந்து கூரை விட்டுக் கூரை தாவுவதைத் திரையில் பார்க்க முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவன் அவன்.

"கண்ணை மூடிக்கிறதுக்கு எதுக்குங்க தியேட்டர்? இங்கயே போர்த்திட்டுப் படுங்க," என்றாள் மனைவி.

"முகம் வர்ற இடத்துல மட்டும்தான் மூடுவேன். நீ கூட வந்து, அது போனதும் சொன்னாப் போதும்."

"எனக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

மாமனார் ரயில்வேயில் சிக்னல் கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உப்பை எடுத்துத் தரச் சொன்னாலும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டுதான் எடுப்பார்.

"இடைவேளை முடிஞ்சதும் நான் கண்ணை மூடிடுவேன் மாமா. அவன் முகத்தைக் காட்டி முடிச்சதும் என் முழங்கால்ல ரெண்டு தட்டு தட்டுங்க. மத்தபடி எதுவும் சொல்ல வேண்டாம்."

"காட்டி முடிச்சதும் ரெண்டு தட்டு. மத்தபடி பேச்சில்லை. சரியா மாப்ளே?"

"சரி மாமா."

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. முதல் பாதியில் பருந்து வளவளவென்று பேசினான். காமிக்ஸில் அவன் மூன்று சொல்லுக்கு மேல் பேசியதில்லை. கோட்டும் சாம்பல் நிறமில்லை, ஏதோ நீலம். 'நாசம் பண்ணிட்டானுங்க' என்று லென்ஸ் பல்லைக் கடித்தான். அடுத்த நிமிடமே அந்தக் கோட்டு காற்றில் விரிய, பருந்து கூரையிலிருந்து தாவினான். லென்ஸ் மூச்சுவிட மறந்தான். பிறகு நாய் செத்தது. தெரிந்திருந்தும் லென்ஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் கண்ணை இறுக மூடினான்.

ஏதோ வெடித்தது. கார் உருண்டது. ஒரு பெண் கத்தினாள். முழங்காலில் தட்டு விழவில்லை.

"மாமா, முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை."

எவ்வளவு நேரம்தான் காட்டுவான்? அப்படி என்ன பெரிய முகம்? அரங்கமே கைதட்டியது. பாலச் சண்டையாக இருக்கும். முப்பத்தைந்து வருடம் காத்திருந்து, அதைக் காதால் பார்க்கவேண்டியதாகிவிட்டது.

"மாமா?"

"இன்னும் இல்லை மாப்ளே. பேசாம இருங்க."

கண் வலித்தது. கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டான். பின்வரிசையில் யாரோ, "பாவம், ஆபரேஷன் பண்ணியிருக்காங்க போல" என்றது கேட்டது.

திடீரென்று இசை நின்றது. அரங்கம் மூச்சைப் பிடித்தது. பிறகு முந்நூறு பேர் ஒரே குரலில், "ச்சே!" என்றார்கள். யாரோ விசிலடித்தான். "ஏமாத்திட்டானுங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

கட்டுக்குள் லென்ஸ் கசப்பாகச் சிரித்துக்கொண்டான். முகம் யாருக்கும் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? அந்த முகம் தனக்கு மட்டும்தானே தெரியும். நாற்காலிகள் மடங்கிக் காலடிச் சத்தம் வாசல் பக்கம் போனபோதும், பிடிக்காமல் எழுந்து போகிறார்கள் என்றுதான் நினைத்தான். இனி தட்டு விழும் என்று முழங்காலை நீட்டிவைத்தான்.

"சார், படம் முடிஞ்சு பத்து நிமிஷமாச்சு. காலைத் தூக்குங்க, பெருக்கணும்," என்றது தலைக்கு மேல் ஒரு குரல்.

கைக்குட்டையைப் பிய்த்து எறிந்தான். விளக்குகள் எரிந்தன. திரை வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் மாமனார், கையை அவன் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, திரையையே பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிட்டீங்களா மாமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒருநாள் கண் அசந்ததில்லை நான்."

"அப்ப ஏன் தட்டலை? பாதிப் படம் போச்சே!"

"காட்டி முடிச்சதும்தானே தட்டச் சொன்னீங்க," என்றார் மாமனார். "அவன் முகமூடியில கையை வச்சதோட சரி, மீதி ரெண்டாம் பாகத்துலன்னு போட்டு விளக்கைப் போட்டுட்டாங்களே, மாப்ளே."