பின் சீட்டு லொடக்

அன்புக்கும் அவ்வப்போது சாபத்துக்கும் உரிய மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும், விருந்தாளியாக வந்து வீட்டையே பிடித்துக்கொண்டிருக்கும் உன் அத்தை உட்பட, சௌக்கியம் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம். கார்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், உன் அத்தை நம்பவே மாட்டாள், அவள் என்றைக்கு என்னை நம்பினாள், இருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

அவள் அன்று சிக்னலில் இறங்கி, டாக்சி பிடித்து உன் வீட்டுக்கு வந்த காரணத்தைத் தன் பாணியில் சொல்லியிருப்பாள். நடந்தது இவ்வளவுதான். முன் சீட்டில் என் பழைய ஆபீஸ் நண்பர், பின் சீட்டில் உன் அத்தை. "வண்டி இவ்வளவு பழசு, சத்தமே இல்லையே சார்?" என்றார். "சத்தமெல்லாம் பின் சீட்டுல சார், கல்யாணத்தன்னிக்கே ஃபிட் பண்ணிக் குடுத்துட்டாங்க" என்றேன். அவர் சிரித்தார். சிவப்பு விளக்கு விழுந்தது. பின் கதவு சாத்தப்பட்ட வேகத்தில் விளக்கு பயந்து பச்சையாகிவிட்டது. ஒரு ஜோக்குக்கு இப்படியா?

மறுநாளே பின்னால் லொடக் லொடக் என்று ஆரம்பித்தது. சாதாரண லொடக்கா? முன்னால் போன பஸ் டிரைவர், யாரோ தட்டுகிறார்கள் என்று நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். கோர்ட்டைக் கடந்தபோது நீதிபதிதான் மேஜையைத் தட்டுகிறார் என்று உள்ளே அத்தனை வக்கீல்களும் வாயை மூடிக்கொண்டார்களாம். டயர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு டயர் என்றார், வெல்டிங் கடைக்காரர் வெல்டிங் விட்டுப்போச்சு என்றார், எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒருவர்தான் பாக்கி, அவரும் பார்த்திருந்தால் கடைவாய்ப் பல் என்றிருப்பார். கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன்.

"சத்தம் எப்படி சார்? டங்கா, கடக்கா, லொடக்கா?"

"என்னய்யா வித்தியாசம்?"

"டங்குன்னா சைலன்சர். கடக்குன்னா ஸ்பிரிங். லொடக்குன்னா ஷாக் அப்சார்பர்ல இருக்கற ரப்பர் புஷ்."

"எனக்கு மூணுமே கேக்குதே."

"அப்ப வீட்ல ஏதோ பிரச்சினை சார்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த மனுஷன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். வேகத்தடையில் ஏற்றினேன், சத்தமில்லை. இறங்கிக்கொண்டு ஓட்டச் சொன்னார், லொடக்.

"பின்னாடி யாரு சார் உக்காருவாங்க?"

"வீட்டுக்காரம்மா."

"இப்ப எங்க?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்க."

"அதான பாத்தேன்! ரப்பர் எப்பவோ தேஞ்சிருக்கு. அவங்க வெயிட்டுல அமுங்கிக் கிடந்துச்சு, இப்ப ஆடுது. அவங்க வர்ற வரைக்கும் ஒரு மணல் மூட்டையப் போட்டு ஓட்டுங்க."

போட்டேன். உன் அத்தை இடத்தில் மணல் மூட்டையை உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டினேன். "பாத்தியா, எவ்ளோ நிதானமா ஓட்டுறேன்?" என்றேன். மூட்டை வாயைத் திறக்கவில்லை. வளைவு வந்தது, "இண்டிகேட்டர் போடுங்க" என்று அவள் கத்துகிற அதே வளைவு. யாரும் கத்தவில்லை, நானும் போடவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன்தான், "யோவ் பெருசு, இண்டிகேட்டர் போடத் தெரியாதா?" என்று கத்தினான். அதே விஷயம்தான், ஆனால் அவன் வாயில் கேட்க நன்றாகவே இல்லை.

நான் உருகிப்போயிருக்கிறேன் என்று கதை கட்டாதே. மணல் மூட்டை உத்தமமான பிறவி. குறை சொல்லாது, கோபித்துக்கொண்டு இறங்காது. கொஞ்சம் கசிகிறது, அவ்வளவுதான். இருந்தாலும் வண்டியின் நலன் கருதி உன் அத்தையை உடனே அனுப்பிவை. இது முழுக்க மெக்கானிக் சம்பந்தப்பட்ட கோரிக்கை. மன்னிப்புக் கடிதம் என்று அவளுக்கு வாசித்துக் காட்டினால் உன்னைச் சும்மா விடமாட்டேன். வாசிக்கத்தான் போகிறாய் என்றால், கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி வாசி.

உன் பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன் புது வண்டிக்குச் சீக்கிரம் வயதாகட்டும்.

இப்படிக்கு,
மணல் மூட்டையின் சாரதி,
மாமா

பின்குறிப்பு: பஸ் பொய். நீதிபதி பொய். மணல் மூட்டையும் பொய், அதை யார் தூக்குவது? மெக்கானிக் அன்றைக்கே புது புஷ் போட்டுவிட்டார், லொடக் நின்றுபோய்விட்டது. இப்போது வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அது மட்டும் உண்மை.