ஏற்றிய கொடி எங்கே போனது?

எதையும் பத்துத் தடவை சரிபார்ப்பவள் தப்பே செய்யமாட்டாள் என்று நினைக்காதீர்கள். பத்துத் தடவையும் ஒரே இடத்தைப் பார்ப்பாள். நான் பார்த்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்கு வரும் போன் அழைப்புகளை உரிய ஆளுக்குத் திருப்பிவிடும் 'சிப் சர்வர்' என் பொறுப்பு. யாரும் எடுக்காவிட்டால் அன்றைய காய்கறி விலை ஒலிக்கும். குரல் என்னுடையது. (வேறு ஆள் கிடைக்கவில்லை.)

மகள் இனியாவைப் பிளே ஸ்கூலில் விட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. என் மேசை போனும் அதே சர்வரில்தான் இருந்தது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு கொடி ஏற்று; நான் எடுக்காவிட்டால் கொடியைப் பார்த்து என் கணவருக்கு அனுப்பு என்று சர்வருக்கு எழுதிவைத்தேன். 'ஸ்கிரிப்ட் ஃபிளாக்' என்போம். நிரலுக்குள் போட்டுவைக்கும் ஓர் அடையாளம்.

சோதித்தும் பார்த்தேன். இனியாவின் ஜெயா மிஸ்ஸை அழைக்கச் சொல்வேன். முதல் மணியிலேயே பதறி எடுத்துவிடுவேன்.

"மிஸ், இனியாவுக்கு என்னாச்சு?"

"நீங்கதான கூப்பிடச் சொன்னீங்க!"

கொடி ஏறியது திரையில் தெரியும். நிம்மதியாகிவிடுவேன். எடுக்காமல் விட்டுப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

ஒரு மதியம் டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வந்தால், பள்ளியிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். திரும்ப அழைத்தேன்.

"ஏங்க இனியாம்மா, பிள்ளைக்கு மேலு சுடுதுன்னு போன் போட்டா, தக்காளி வெலயவே சொல்லிக்கிட்டு இருக்கீங்க!"

"அது நான் இல்ல மிஸ், ரெக்கார்டு."

"உங்க குரலுதான?"

"குரல் என்னுதுதான்…"

பிள்ளை அம்மாவைத் தேடியிருக்குமே என்று அழுதுகொண்டே ஸ்கூட்டரில் பறந்தேன். போய்ப் பார்த்தால் இனியா மிஸ் மடியில் தூங்குகிறாள். காதோரம் ஸ்பீக்கரில் நான்: "சின்ன வெங்காயம், முதல் ரகம்…"

"அழுகைய நிறுத்தவே இல்லங்க. உங்க குரலக் கேட்டதும் கம்முனு ஆயிட்டா. அதான் லைன் கட் ஆக ஆக நானே திரும்பப் போன் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் மிஸ், கிசுகிசுப்பாக.

காய்ச்சல் தணிந்தபின் காரணம் தேடினேன். அழைப்பு உள்ளே வரும் பகுதி ஓர் அறை என்றால், யாரும் எடுக்காதபோது ஓடும் பகுதி வேறோர் அறை. முதல் அறையின் வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஃபிளாக் தானாக இறங்கிவிடுமாம். (அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வந்ததும் எதற்கு வந்தோம் என்று விழிப்பேனே, அதே கதை.) அழைப்போடு கூடவே பயணிக்கும் கொடி வேறு வகை. அதை மாற்றிப் போட்டு, மிஸ்ஸை மறுபடி அழைக்கச் சொல்லி, மணி அடிக்க அடிக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கணவரின் போன் ஒலித்தது.

சர்வர் திருந்திவிட்டது. மகள் திருந்தவில்லை. தாலாட்டு பாடினால் என் வாயைப் பொத்துகிறாள். "பாட்டு வேணாம்மா, வெல சொல்லு." (பழைய விலையைச் சொல்ல மனசு கேட்காமல், தூங்க வைக்குமுன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்கிறேன்.)

பக்கத்து அறையிலிருந்து கணவரின் குரல் வரும்: "முருங்கக்காய விட்டுட்ட பாரு!"