நியூஜெர்சிக்குப் போன ரவுட்டர்

கோமளம் மறுபடியும் உறைந்துவிட்டாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. அனந்தராமன் செல்போனை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கோமளம் அசையவில்லை.

"கேக்கறதா? நான் பேசறது கேக்கறதா?"

பதில் இல்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, பக்கத்து ஸ்டாண்டில் இருந்த வைஃபை ரவுட்டரை அணைத்தார். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டார். பச்சை விளக்கு வந்தது, கோமளம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மகன் அச்யுத்திடமிருந்து வழக்கமான செய்தி வந்தது: 'அம்மா படுத்துண்டுட்டா. நாளைக்குப் பேசலாம்.'

மருமகளின் இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக ஆறு மாதம் என்று சொல்லி நியூஜெர்சிக்குப் போனவள் கோமளம். விசாவை நீட்டித்து, இது ஒன்பதாவது மாதம். அனந்தராமனையும்தான் கூப்பிட்டாள். பெருமாளுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டாமா, மயிலாப்பூர் வீட்டை அத்தனை நாள் பூட்டிப்போடுவதா என்று அவர் மறுத்துவிட்டார். உண்மையில், பழகின நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசில்லை.

இப்போது அந்த நாற்காலிதான் அவருக்கு மிச்சம். காலை ஏழு மணிக்கு கோமளத்தோடு பேசி முடித்தால், அடுத்த நாள் ஏழு மணி வரை அவரோடு பேச ஆள் கிடையாது. பாத்திரம் தேய்க்க வரும் தேவானை தன் செல்போனோடு பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே போய்விடுவாள். மத்தியானம் கேரியரில் சாப்பாடு வரும். அதைக் கொண்டு வருகிறவரோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று வாசலுக்குப் போவதற்குள் லிஃப்ட் இறங்கிவிடும்.

ஆகவே அந்த ஏழு மணிப் பேச்சு அவருக்கு முக்கியம். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதினவர். பேச வேண்டியதை முதல் நாளே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். காஸ் பதிவு செய்தது, பெருங்காய டப்பாவைக் காணாதது, தண்ணீர் மோட்டார் பழுதானது என்று வரிசையாகப் படிப்பார். கோமளம் ம், ம் என்று கேட்டுக்கொள்வாள். கடைசி விஷயம் எல்லா நாளும் ஒன்றுதான்: 'எப்போ வரே?' அந்தக் கேள்விக்கு வருவதற்கும் படம் நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

அவர் விடவில்லை. ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தார். எல்லா நாளும் பதினைந்தாவது நிமிஷத்தில்தான் படம் நின்றது. ரவுட்டரால் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

நெட் கம்பெனியிலிருந்து வெங்கடேஷ் வந்து ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா சார், இது ஆறு வருசத்துக்கு முன்னாடி நாங்க ஓசில குட்த்தது. சூடாவுது, மாட்டிக்குது. வேற ஒண்ணு வாங்கிடுங்க."

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இரண்டாயிரத்துக்கு நல்லதாகவே கிடைக்கும் என்றான் வெங்கடேஷ். நல்லது என்ற சொல்லுக்கும் இரண்டாயிரம் என்ற சொல்லுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கும் என்று அனந்தராமனுக்குப் பட்டது.

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒன்பது கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடைக்காரரிடமும் வீட்டின் நீள அகலம், சுவரின் கனம், மனைவி அமெரிக்காவில் இருப்பது எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் காது கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஏழாவது கடையில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் இரண்டு ஆன்டெனாக் கொம்பு வைத்த ரவுட்டர் ஆயிரத்து எண்ணூறு, நாலு கொம்பு வைத்தது தொள்ளாயிரம் என்று வந்து நின்றது. பாதி விலைக்கு இரட்டிப்புக் கொம்பு கிடைக்கும்போது யோசிப்பவன் முட்டாள் என்று முடிவு செய்து, நாலு கொம்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அதை மாட்டிய முதல் நாள், பதினைந்தாவது நிமிஷத்தில் கோமளம் உறைந்தாள்.

வெங்கடேஷ் மறுபடி வந்தான். பெட்டியைப் பார்த்தான், அனந்தராமனைப் பார்த்தான். வீட்டுக்கு நடுவில், உயரத்தில், இரும்புச் சாமான் பக்கத்தில் இல்லாமல் வைத்தால் ஒருவேளை சிக்னலை இழுக்கும் என்றான்.

வீட்டுக்கு நடுவில், உயரத்தில் இருந்தது பெருமாள் அலமாரி. அதற்கு எதிரே இருந்ததோ கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. அனந்தராமன் தனியாக அந்த பீரோவை ஒரு முழம் நகர்த்தினார். முதுகு பிடித்துக்கொண்டது. வெந்நீர்ப் பையோடு மூன்று நாள் படுத்திருந்தார். ரவுட்டர் மட்டும் ஸ்ரீனிவாசருக்குப் பக்கத்தில் ஜம்மென்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை தேவானை அலமாரியைத் துடைத்தாள். வழக்கம்போல் விளக்கு, மணி, படங்கள் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பேச்சு செல்போனில் இருந்ததால் கை தன் பாட்டுக்குப் போனது. ஈரத் துணியால் ரவுட்டரைக் குளிப்பாட்டி, நாலு கொம்புக்கும் நாலு பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றிவிட்டாள். அனந்தராமன் வந்து பார்த்தபோது அது மங்களகரமாகச் செத்துப்போயிருந்தது.

"புதுப் பொருளாச்சேய்யா, பொட்டு வெக்காம எப்படி வுடறது?" என்றாள் தேவானை.

ஆயிரத்து எண்ணூறு கொடுத்து இரண்டு கொம்பு வைத்ததையும் வாங்கி வந்தார். தேவானையின் கைக்கு எட்டாத இடமாக, படுக்கையறைப் பரணின் விளிம்பில் வெங்கடேஷ் அதைப் பொருத்திக் கொடுத்தான். இனி அதை அணைக்க வேண்டுமானால், ஹாலிலிருந்து எழுந்துபோய், சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏற வேண்டும்.

ஆனால் படம் வந்ததே, அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. கோமளத்தின் முகத்தை இத்தனை தெளிவாக அவர் மயிலாப்பூரிலேயே பார்த்ததில்லை. கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. நீல நிற ஸ்வெட்டர் புதிதாக இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறாளாம். குரங்கு மாதிரி நடித்துக் காட்டினாளாம். அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து வயதுப் பேத்தி ஷ்ரேயா எட்டிப் பார்த்து, தானும் சிரித்தாள்.

இந்த வீட்டில் முப்பத்தெட்டு வருஷத்தில் கோமளம் குரங்கு மாதிரி எதையும் செய்ததில்லை. அனந்தராமன் நோட்டைப் பிரித்து, பெருங்காய டப்பா இன்னும் கிடைக்கவில்லை என்று படித்தார். பிறகு கடைசி விஷயத்துக்கு வந்தார்.

"எப்போ வரே?"

கோமளம் உறைந்தாள். ஷ்ரேயாவின் சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ ஒரு நொடி கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அவர் ஸ்டூலை எடுக்கவில்லை. அலுத்துப்போய்த் தானே போனை அணைத்தார்.

வெங்கடேஷ் மூன்றாவது முறையாக வந்து, ஏதோ ஒரு கருவியை வைத்து மூலைக்கு மூலை அளந்தான்.

"சார், உங்க சைடு கிளீனா கீது. கோளாறு அந்த சைடுலதான்."

"படம் நின்னப்புறம் குழந்தை சிரிக்கறது மட்டும் கேட்டுதேப்பா."

"வாய்ஸுக்குக் கொஞ்சம் நெட்டு போதும் சார். படத்துக்குத்தான் ஜாஸ்தி வோணும்."

அது நியாயமாகப் பட்டது. கோளாறு அந்தப் பக்கம் என்றால், அதைச் சரிசெய்வதும் குடும்பத் தலைவரின் கடமைதானே. இரண்டு கொம்பு வைத்ததில் இன்னொன்று வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தார் அனந்தராமன். அங்கே விலை அதிகமாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் அடுத்த வாரம் நியூஜெர்சியில் இருக்கும் பெண் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார். மயிலாப்பூரிலிருந்து ஒருவர் அமெரிக்கா போகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையதல்ல. ஏற்கெனவே நாலு வீட்டு அப்பளம், மூன்று வீட்டு வடாம், யாரோ ஒருவருடைய கைமுறுக்கு எல்லாம் ஏறி, எடை விளிம்பில் நின்றது. ரவுட்டர் என்றதும் ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஓய், அந்த ஊர்லேர்ந்துதான் இதெல்லாம் இங்க வரும். நீர் இங்கேர்ந்து அங்க அனுப்பறீர்?"

"ஆத்துக்காரியோட பேச முடியலைங்காணும்."

இதைச் சொல்லும்போது அனந்தராமனின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஸ்ரீரங்கன் தன் வீட்டு நார்த்தங்காய்ப் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ரவுட்டரை நுழைத்தார். அந்த ஊர் மின்சாரத்துக்குப் பொருந்தும் பிளக்கை அனந்தராமன் தனியாக வாங்கி, நூல் சுற்றி, 'முதலில் இதை மாட்டவும்' என்று சீட்டும் எழுதி வைத்தார்.

அச்யுத்திடமிருந்து பத்து நாள் கழித்து போன் வந்தது. தங்கள் வீட்டில் ஏற்கெனவே மாடிக்கு ஒன்றாக மூன்று ரவுட்டர் இருக்கிறது என்று இழுத்தான். மாட்டுடா என்றார் அனந்தராமன். அவனும் சரிப்பா, மாட்டறேன் என்றான். மாட்டியதைப் படமும் எடுத்து அனுப்பினான். நாலாவதாக அது சுவரோரம் நின்றது.

மறுநாள் காலை ஐந்துக்கே குளித்துவிட்டார். இந்த முறை நோட்டு வேண்டாம் என்று மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'நீ இல்லாம எனக்கு நன்னாவே இல்லை.' கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

ஏழு மணிக்குக் கோமளம் வந்தாள், கையில் பால் டம்ளரோடு. படம் பளிச்சென்று இருந்தது. முதுகு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். தேவலை என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டாள். காரம் என்றார். அனந்தராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்ல வாயெடுத்தார்.

"ரசப்பொடி தீர்ந்துபோச்சு. எப்போ வரே?"

உதட்டுக்குப் பாதி வழியில் டம்ளரோடு கோமளம் உறைந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு கண்டத்திலும் புது ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இனி வாங்குவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத கோமளத்தைப் பார்த்துப் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"ரசப்பொடியெல்லாம் கடையில கிடைக்கறதுடி," என்றார் மெதுவாக. "நீ இல்லாம எனக்கு இந்த ஆத்துல இருக்கவே பிடிக்கலை. சாயங்காலமானா யாரோட பேசறதுன்னு தெரியலை. நீ இங்க இருந்தப்போ பேசியிருக்கணும். அப்போ பேப்பர் படிச்சுண்டிருந்தேன். அன்னிக்கு நீ கூப்பிட்டே, கூட வந்திருக்கணும். வரலை. தப்பு என்னோடதுதான். நீ சந்தோஷமா இருந்தா அங்கேயே இரு. ஆனா என்னையும் ஒரு தடவை வான்னு கூப்பிடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஸ்டூலை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தார். ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தபோது, ஹாலில் செல்போனிலிருந்து ஷ்ரேயாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாட்டி, தாத்தா எழுந்து போயாச்சு, இனிமே நீ கண்ணைச் சிமிட்டலாம்... ஏன் பாட்டி அழறே?"