கரடியாரின் மருந்தும் மருமகனின் இரத்தமும்

ஒரு காட்டில், வரிசையில் நிற்காமல் காற்றும் கிடைக்காத காலத்தில், மாசிலாமணி என்னும் முதுகரடியார் வாழ்ந்து வந்தார். அவர் தொண்டையில் புற்றுநோய்க் கட்டியொன்று வளர்ந்திருந்தது. தேனை விழுங்கினாலும் கருவேலமுள் இறங்குவதுபோல் வலித்தது. பிழைப்போமா என்பதொன்றே அவரது கவலை.

அவ்வேளையில் நாரை மருத்துவர் ஒரு புதிய இயந்திரத்தைக் கொணர்ந்தார். நோயாளியின் இரத்தத்தை ஊட்டினால், அது மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, அவர் ஒருவருக்கே உரிய மருந்தை ஆக்கித் தரும்.

கரடியார் நம்பிக்கையோடு புறப்பட்டார். மருத்துவமனை வாயிலில் முந்நூறு விலங்குகள் நின்றன. உடன் வந்த மருமகன் தேனப்பன் பதறினான்.

"மாமா, இந்த வெயில்ல நீங்க நிக்கிறதா? ஊரே என்னைக் காறித் துப்பும். நிழல்ல உட்காருங்க. ரேஷனுக்கு உங்க பேர்ல நான் நின்னதில்லையா?"

கரடியாரின் உள்ளம் குளிர்ந்தது. பெண்ணைக் கொடுத்தாலும் இப்படிப்பட்டவனுக்கன்றோ கொடுக்க வேண்டும் என எண்ணியவாறே கண்ணயர்ந்தார்.

முறை வந்ததும், இரத்தமெடுக்கும் பணியிலிருந்த கொசு, "மாசிலாமணி யாருப்பா?" என்றது.

"அவருக்காக நான் வந்திருக்கேன்," என்று தேனப்பன் கையை நீட்டினான். ஆள் பார்த்துக் குடிக்கும் வழக்கம் கொசுவுக்கு இல்லை. குடித்தது.

ஒரு திங்கள் கழித்து மருந்து வந்தது. நாரையார் கரடியாரைச் சோதித்தார்; மருந்தோடு வந்த மரபணுத் தாளைப் பார்த்தார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவரே, இது உங்க மருமகன் உடம்புக்கு அளவெடுத்த மருந்து. உங்களுக்குப் பலிக்காது."

"அவனுக்கு நோயே இல்லையே, டாக்டர்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? இன்னிக்குள்ள போடலைன்னா மருந்து கெட்டுப்போகும்."

"மாமாவுக்காக எதையும் தாங்குவேன்!" என்று தேனப்பன் தோளைக் காட்டினான். ஊசி இறங்கியது.

மறுநாள் தேனப்பனின் இரத்தத்தைப் படித்த இயந்திரம், 'உடலில் நோயின் சுவடே இல்லை' என்று அறிவித்தது. பறை முழங்கிற்று. மாசிலாமணி முற்றும் குணமடைந்தார் எனப் பதிவேட்டில் எழுதி, மருமகனுக்கு மாலையிட்டனர்.

கரடியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஐயா, இப்பவாவது என் இரத்தத்தை எடுங்க."

"குணமானவங்களுக்கு இரத்தம் எடுக்க விதி இல்லையே, பெரியவரே."

கரடியார் மறுமொழி கூற வாய் திறந்தார். வலியில் சொல் எழவில்லை, கண்ணீர்தான் பெருகியது. நன்றிக் கண்ணீர் என்று அதனையும் நாரையார் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

நீதி: அவரவர் மரபணுவுக்கென ஆக்கிய மருந்து ஒருநாளும் தோற்பதில்லை; ஆதலால் மருத்துவத்தின் பெருமையைக் காக்க விரும்புவோர், நோயாளியை அதனருகே அண்டவிடாதிருப்பாராக.