விளக்கு வியாபாரிகளுக்கு ஒரு கருப்பு இணையதளம்

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். வழக்கமாக இந்த வரியை மரியாதைக்காக எழுதுவேன். இந்த முறை அத்தாட்சியாக எழுதுகிறேன். நான் இருக்கிறேன், மூச்சு விடுகிறேன், இன்று காலை பல்கூடத் துலக்கினேன். அங்கே நீங்களும் என் மகளும் அதே நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே மகள் உங்கள் கையிலிருந்து போனை வாங்கி, "அப்பா, தளத்தை எல்லாரும் குறை சொல்றதுல அவர் ஏற்கெனவே மனசு ஒடிஞ்சு போயிருக்கார், நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறாள். செத்துப்போனதாக ஊருக்கெல்லாம் சொல்லப்பட்டவன் நான். மனசு ஒடிந்தது உங்களுக்கு. ஆகவே இந்தக் கடிதம்.

எங்கள் விளக்கு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு இணையதளம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வெளியாளிடம் ஏன் போக வேண்டும், எங்கள் மாப்பிள்ளைக்கு இதுதான் தொழில் என்று செயற்குழுவில் மார்தட்டியவன் நான்தான். அதை மறுக்கவில்லை. நீங்களும் வந்து சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இன்ஸ்பிரேஷன் பார்க்கலாம் மாமா என்று மடிக்கணினியைத் திறந்தீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மாநாடுகளின் தளங்களைக் காட்டினீர்கள். எல்லாம் கருப்பு. ஒன்றில் கருப்புக்கு நடுவே ஊதாவில் ஒரு புகை, ஒன்றில் கருப்புக்கு நடுவே ஒரே ஓர் எழுத்து. இது என்ன மாநாடு என்று கேட்டேன். "அதைச் சொல்லாம இருக்கறதுதான் மாமா அதோட அழகு" என்றீர்கள். நாங்கள் விளக்கு விற்கிறவர்கள் ஆயிற்றே, கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால் தேவலை என்று ஒரே ஒரு தடவை, அதுவும் இருமலுக்கு நடுவில், சொல்லிப் பார்த்தேன். கருப்பு மேலேதான் விளக்கு விளக்காகத் தெரியும் என்று விளக்கினீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். மாப்பிள்ளை சொன்னதால் ஆகா என்றேன். என் மகளைக் கொடுத்திருக்கிறேன் இல்லையா.

தளம் திறந்த அன்று சாயங்காலமே எங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் ஆவலாகத் திறந்து பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பதைவிடத் தடவினார்கள் என்பதே சரி. கருப்புத் தாளில் பென்சிலால் எழுதியது போல எழுத்து. அதையும் பொடியாக வைத்திருக்கிறீர்கள். அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம். அதை எங்கே நகர்த்துகிறோமோ அந்த இடம் மட்டும் தெரியும் என்பது உங்கள் கற்பனை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடி இல்லாமல் சொந்தக் கடைப் பலகையையே படிக்க முடியாதவர்கள். கரண்டு போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி 'பதிவு செய்ய' என்ற பொத்தானைத் தேடியிருக்கிறார்கள். என் கடைக் கணக்குப்பிள்ளை மறுநாள் காலை கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்; பிறகு திரையை ஒரு தட்டுத் தட்டினார்; பிறகு என்னிடம் வந்து, "திரை போயிடுச்சு முதலாளி" என்றார். நானும் நம்பி, கடைப் போனைக் கல்லாமேல் வைத்துவிட்டு, திரையைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். அங்கே கூட்டம். என் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. ரிப்பேர்க்காரர் திரையைத் தன் கணினியில் பொருத்திப் பார்த்துவிட்டு, திரை நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கம் எது என்று கேட்டார். சொன்னேன். திறந்து பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், திரையில் இருந்த என் படத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு எழுந்து நின்றுகொண்டார். ஏன் நின்றார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும் மாப்பிள்ளை. சங்கத் தலைவர் படம் வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது நான் கொடுத்தது நீலச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் வண்ணப் படம். நீங்கள் சட்டையின் நீலத்தை எடுத்தீர்கள், சரி. சிரிப்பை வெட்டினீர்கள், சரி. பாதி முகத்தை இருட்டில் முக்கி, தலைக்குப் பின்னால் மெல்லிய ஒளி ஒன்றை ஏற்றி, கீழே என் பெயரைப் போட்டு, அதன் கீழே மாநாடு தொடங்கும் தேதி, ஒரு கோடு, முடியும் தேதி என்று வரிசையாகப் போட்டு, அதற்கும் கீழே மாநாட்டின் வாசகமான 'ஒளியில் சந்திப்போம்' என்பதையும் சேர்த்துவிட்டீர்களே, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

என்ன நினைத்தார்கள் என்று கேளுங்கள். காலையிலேயே பல்பு கம்பெனி முகவர் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். இணையத்தில் பார்த்தேன், மனசே சரியில்லை, எப்படி ஆச்சு என்று உங்கள் அத்தையிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து நான் மாத்திரை போடாமல் கடைக்குக் கிளம்பிவிட்டதில் அவளுக்கு என்மேல் கோபம். "அவர் எப்பவுமே இப்படித்தாங்க, சொல்லாம கொள்ளாம கிளம்பிடுவார்" என்று பதில் சொல்லிவிட்டாள். முகவர் அழுதுவிட்டாராம். அவர் அழுத பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்திருக்கிறது. கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். கல்லாமேல் இருந்த போனை எடுத்த கணக்குப்பிள்ளை, "முதலாளி போய் ரொம்ப நேரம் ஆச்சும்மா" என்றிருக்கிறார்.

ரிப்பேர்க் கடைக்கு எதிரில்தான் எங்கள் சங்கக் கட்டடம். திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், செயற்குழு உறுப்பினர்களின் வண்டிகள் எல்லாம் கீழே நிற்கின்றன. தலைவர் நான் கூட்டாமல் என்ன கூட்டம் என்று மாடி ஏறினேன். அறையில் எல்லாரும் தலை குனிந்து, சத்தமே இல்லாமல் நிற்கிறார்கள். யாரோ பாவம் போய்விட்டார் போலிருக்கிறது என்று நானும் கடைசி வரிசையில், திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் கொட்டாவியை விழுங்குகிறார். யாருக்கு என்று பக்கத்தில் இருந்த பொருளாளரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "நம்ம தலைவருக்கு" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அதையும் நான்தான் செய்தேன்.

எங்கள் துணைத் தலைவரை உங்களுக்குத் தெரியும். சரவிளக்கு விற்பதாலும், யார் பேசினாலும் மேலே வந்து தொங்குவதாலும் அவரைச் சரவிளக்கு என்றே சொல்வோம். அவர் என் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார், சந்தோஷம் என்றார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் என்னய்யா இது என்றேன். "நீங்க இருக்கறது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்ணே. ஆனா தீர்மானம் போட்டு என்னைத் தற்காலிகத் தலைவரா ஆக்கிட்டாங்களே, அதை என்ன பண்றது?" என்றார். இறந்த தலைவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று சங்க விதியில் எதுவும் இல்லையாம். பொதுக்குழு கூடித்தான் முடிவெடுக்க முடியுமாம். அதுவரை மாநாட்டில் எனக்குப் பார்வையாளர் வரிசையில் நல்ல இடமாகப் பார்த்துத் தருவாராம். அவரோடு இருபது வருஷம் சேர்ந்து டீ குடித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். என்னோடு குடித்தவர்களும்தான்.

வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உங்கள் அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் இரண்டு மலர்வளையங்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, திட்டவில்லை; என் கையைப் பிடித்து மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். "மாத்திரையைப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க என் பின்னாலேயே அறை அறையாக நடந்தாள். நான் குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை மாப்பிள்ளை. சிரிக்கிற விஷயம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரே என்னைச் செத்தவனாக நினைத்துவிட்டது என்று போனில் ஒரு வரி சொன்னபோது, மகள் போனை வாங்குவதற்குள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அப்படின்னா மாமா, பக்கம் ஜனங்க மனசைத் தொட்டிருக்கு" என்றீர்கள். தொட்டதா? தூக்கிக்கொண்டு போய் அடக்கமே செய்துவிட்டது. ஆகவே மாப்பிள்ளை, மாமனாராக முதலும் கடைசியுமாக ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்ட உடனே பக்கத்தை வெள்ளையாக்குங்கள். எழுத்து, கண்ணாடி போடாதவனும் படிக்கிற அளவுக்கு இருக்கட்டும். என் நீலச் சட்டையையும் பல்லையும் திருப்பிக் கொடுங்கள். கீழே கொட்டை எழுத்தில் 'தலைவர் நலமாக உள்ளார்' என்று ஒரு வரி சேருங்கள். இனி நம் குடும்பத்தில் யாருக்கும், எதற்கும், கருப்பில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

மகளுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லா அறையிலும் வெளிச்சமும், எல்லா வேலையிலும் முன்னேற்றமும் பெருக மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உயிருடன் இருக்கும்
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஒரு போன் வந்தது. மாநாட்டு இணையதளங்களுக்கு விருது கொடுக்கும் குழுவாம். இந்த வருஷம் சிறந்த கருப்புத் தளம் நம்முடையதாம். வெளிச்சத்தை எங்கேயும் காட்டாமலேயே வெளிச்சத்தைப் பற்றிப் பேசிய துணிச்சல் என்று நடுவர்கள் சொன்னார்களாம். படத்தில் இருப்பவரே நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், செயற்குழு அவசரமாகக் கூடி, நான் உயிரோடு இருப்பதாக ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டாம். இந்த யோசனை யாருடையது என்று விருதுக் குழுவில் கேட்டார்கள். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உங்களை விட்டுவிடவில்லை மாப்பிள்ளை. தட்டச்சு செய்து கொடுத்தவர் என்று உங்கள் பேரையும் சொல்லியிருக்கிறேன்.